ஆன் கோல்டன் பாண்ட்: கடைசிக் காட்சியில் குஞ்சுகள் எங்கே?

1981இல் வந்த ‘ஆன் கோல்டன் பாண்ட்’ படத்தைப் பற்றி யார் எழுதினாலும் நடிப்பைப் பற்றித்தான் எழுதுவார்கள். அது நியாயம்தான். ஹென்றி ஃபோண்டாவுக்கு அதுதான் கடைசி சினிமா, முதல் சிறந்த நடிகர் ஆஸ்கரும் அதில்தான். கேத்தரின் ஹெப்பர்னுக்கு அது நான்காவது ஆஸ்கர். நிஜ வாழ்க்கையில் அப்பா மகளான ஹென்றியும் ஜேன் ஃபோண்டாவும் படத்திலும் சரியாகப் பேசிக்கொள்ளாத அப்பா மகளாக வருகிறார்கள். எர்னஸ்ட் தாம்ப்சன் தன்னுடைய மேடை நாடகத்தைத் தானே திரைக்கதையாக்கினார், அதற்கும் ஆஸ்கர் கிடைத்தது. இயக்கம் மார்க் ரைடல்.

இந்தக் குறிப்பு அவர்களைப் பற்றியது இல்லை. படம் முழுக்க வந்துபோகிற, சம்பளம் வாங்காமல் நடித்த லூன் பறவைகளைப் பற்றியது. சமீபத்தில் மூன்றாவது முறையாகப் படத்தைப் பார்த்தேன். இந்தமுறை கையில் லூன்கள் பற்றிய ஆய்வுக் குறிப்புகள் இருந்தன. பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்தியது. படம் இந்தப் பறவையை மனசார நேசிக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எப்படி நேசிப்பது என்று படம் காட்டுகிற வழி ஒரு திசையில் போகிறது. அந்தப் பறவை பிழைப்பதற்குத் தேவையான வழி எதிர்த் திசையில் இருக்கிறது.

முதலில் கதைச் சுருக்கம். எண்பதை எட்டப்போகும் ஓய்வுபெற்ற பேராசிரியர் நார்மன். அவர் மனைவி எத்தல். கோடைதோறும் ஏரிக்கரையில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மகள் செல்சி தான் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவரோடும், அவருடைய பதின்மூன்று வயதுப் பையன் பில்லியோடும் வருகிறாள். பையனைக் கிழவர் கிழவியிடம் விட்டுவிட்டு இருவரும் ஐரோப்பா போய்விடுகிறார்கள். முதலில் முறைத்துக்கொண்டு இருக்கும் நார்மனும் பில்லியும் மீன் பிடிக்கப் போய்ப் போய் நண்பர்களாகிறார்கள். வால்டர் என்று பெயர் வைத்த ஒரு பெரிய ட்ரவுட் மீன்தான் அவர்களுடைய இலக்கு. படத்தில் ஏரியின் பெயர் கோல்டன் பாண்ட். நிஜத்தில் அது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஸ்குவாம் ஏரி. சுமார் 6,800 ஏக்கர், முழுக்க அந்த மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் ஏரிகளில் இரண்டாவது பெரியது.

லூனுக்கு நம்ம ஊரில் பெயர் கிடையாது, ஏனென்றால் இங்கே வருவதில்லை. நம் குளங்களில் முங்கி முங்கி எழும் முக்குளிப்பானைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி முங்கி மீன் பிடிக்கிற, ஆனால் வாத்தைவிடப் பெரிய, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முதுகும் சிவப்புக் கண்ணும் உள்ள பறவையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கால்கள் உடம்பின் கடைசியில் இருக்கும். தண்ணீருக்குள் அது பெரிய வசதி, தரையில் அதுவே பெரிய சிக்கல். நிமிர்ந்து நடக்க முடியாது, நெஞ்சால் உந்தித் தள்ளித்தான் ஏற வேண்டும். அதனால் தண்ணீர் விளிம்பை ஒட்டியே கூடு கட்டும். வழக்கமாக இரண்டு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய 28 நாள் அடைகாக்கும். மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை இந்த வேலை நடக்கும். அமெரிக்காவில் பள்ளி விடுமுறையும், ஜூலை 4 சுதந்திர தினக் கொண்டாட்டமும், எல்லாரும் படகை ஏரியில் இறக்குவதும் அதே வாரங்கள்தான். சிக்கலே இந்தக் காலண்டர்தான்.

இப்போது படத்துக்கு வருவோம்.

ஆரம்பத்திலேயே, வந்து இறங்கியதும், லூன் கத்துவதைக் கேட்டு எத்தல் துள்ளிக் குதிக்கிறார். அவை நம்மை வரவேற்கின்றன என்று நார்மனைக் கூப்பிடுகிறார். ஹெப்பர்ன் அந்த வரியைச் சொல்கிற விதத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் லூனின் குரல்களை ஆய்வாளர்கள் நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். தூரத்தில் இருக்கும் துணையைத் தேடும் நீண்ட ஊளை ஒன்று. பக்கத்தில் இருக்கிற துணையோடும் குஞ்சோடும் பேசும் மெல்லிய ஒலி ஒன்று. இது என் இடம் என்று ஆண் பறவை மட்டும் எழுப்பும் குரல் ஒன்று. நான்காவது, கிறுக்குச் சிரிப்பு மாதிரிக் கேட்கும் நடுங்கும் குரல். அது பெரும்பாலும் பதற்றத்தின் குரல், படகு நெருங்கினால் வருவது. மனிதரை வரவேற்கும் குரல் என்று ஐந்தாவது ஒன்று இல்லை.

“சினிமாவில் இதெல்லாம் பார்ப்பியா?” என்று கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் இந்தத் தப்பான வாசிப்பு திரையோடு நின்றுவிடுவதில்லை. ஏரியில் லூன் தண்ணீர் மேல் செங்குத்தாக எழுந்து, சிறகை ஒடுக்கிக்கொண்டு, காலால் தண்ணீரை அடித்து நிற்கும். படகில் இருப்பவர்கள் அதை நடனம் என்று நினைத்து இன்னும் கிட்டே போய் வீடியோ எடுப்பார்கள். அது நடனமில்லை, விரட்டப் பார்க்கிறது. தன் பலத்தையெல்லாம் அதில் செலவழித்துக்கொண்டிருக்கிறது. கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவை கழுத்தைத் தாழ்த்தித் தண்ணீர் வரைக்கும் நீட்டிப் படுத்திருக்கும். தூங்குகிறது, அல்லது உடம்பு சரியில்லை என்று நினைத்து உதவி செய்யப் பக்கத்தில் போகிறவர்கள் உண்டு. நிஜத்தில் அது உங்களைப் பார்த்துத்தான் ஒளிந்துகொள்ள முயல்கிறது. இன்னும் ஒரு படி கிட்டே போனால் கூட்டை விட்டு இறங்கிவிடும். முட்டை வெயிலில் கிடக்கும், அல்லது காக்கைக்கும் ரக்கூனுக்கும் கிடைக்கும். எத்தலின் காதால் கேட்கப் பழகிய பார்வையாளர் இதையெல்லாம் தனக்கான வரவேற்பாகத்தான் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது, படத்தின் நடுப்பகுதி. நார்மனையும் பில்லியையும் சேர்த்துவைப்பது இரண்டு பொருள்கள். ஒன்று மோட்டார் படகு, இன்னொன்று தூண்டில். பையன் படகைத் தானே ஓட்டி ஏரியைக் கிழித்துக்கொண்டு போகும் காட்சியில் பார்க்கிற நமக்கே சந்தோஷமாக இருக்கிறது. டேவ் க்ருசினின் இசையும் சேர்ந்துகொள்கிறது. பாறைகள் நிறைந்த மூலையில் வால்டரைத் தேடிப் போய்ப் படகு மோதுகிற இடம்தான் கதையின் திருப்பம். இந்தக் கதையில் பாசம் முழுக்க இந்த இரண்டு பொருள் வழியாகத்தான் வருகிறது.

நிஜ ஏரியில் லூன்களுக்கு மனிதரால் வரும் கேட்டில் பெரும்பங்கும் இதே இரண்டு பொருள் வழியாகத்தான் வருகிறது. கரையை ஒட்டி வேகமாகப் போகும் படகின் அலை, தண்ணீர் விளிம்பில் இருக்கும் கூட்டில் ஏறினால் முட்டை உருண்டு போகும். சின்னக் குஞ்சு ஆழமாக முங்கிப் படகிலிருந்து தப்ப முடியாது. தூண்டில் விஷயம் இன்னும் மோசம். படத்தில் பெட்டியைத் திறந்து காட்டுவதில்லை, ஆனால் அந்தக் காலத்தில் சாதாரணத் தூண்டில் குண்டு என்றால் ஈயக்குண்டுதான். லூன் இரையை அரைப்பதற்காகச் சின்னக் கற்களை விழுங்கி வயிற்றில் வைத்திருக்கும். அறுந்த நரம்போடு நீந்தும் மீனை விழுங்கும்போது அதனோடு ஈயமும் உள்ளே போகும். கற்கள் அரைக்க, வயிற்று அமிலம் கரைக்க, ஈயம் ரத்தத்தில் கலக்கும். ஒரே ஒரு சின்னக் குண்டு போதும், சில வாரங்களில் பறவை செத்துவிடும். நியூ ஹாம்ப்ஷயரில் 1989 முதல் 2012 வரை சேகரித்து ஆராயப்பட்ட வளர்ந்த லூன்களின் சடலங்களில் ஏறத்தாழ பாதி ஈய நஞ்சால் செத்தவை.

வளர்ந்த பறவை சாவது ஏன் இவ்வளவு பெரிய இழப்பு? லூன் சராசரியாக ஆறு வயதில்தான் முதல் கூடு கட்டுகிறது. பிறகு இருபது வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. எண்ணிக்கை குறையாமல் இருக்க ஒரு ஜோடி ஆண்டுக்குச் சராசரியாக 0.48 குஞ்சு தேற்றினால் போதும் என்பது கள ஆய்வாளர்களின் கணக்கு. அதாவது இரண்டு வருடத்துக்கு ஒரு குஞ்சு. ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு நிற்பதே பெரியவை நீண்ட நாள் உயிரோடு இருக்கும் என்ற ஒரே காலில்தான். அந்தக் காலை ஈயம் வெட்டுகிறது.

இனி கடைசிக் காட்சி. தலைப்பில் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம். கோடை முடிந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். நார்மனுக்கு நெஞ்சுவலி வந்து அடங்கியிருக்கிறது. இருவரும் தண்ணீரைப் பார்க்கிறார்கள், லூன்கள் விடைகொடுக்க வந்திருக்கின்றன. இப்போது இரண்டு மட்டும்தான் இருக்கின்றன, குஞ்சுகளெல்லாம் வளர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி எங்கேயோ போய்விட்டன என்கிற மாதிரி நார்மன் சொல்கிறார். கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்ட மகளை நினைத்துச் சொல்வது. சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். படத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வரி.

ஆனால் பறவையின் வாழ்க்கையில் இது தலைகீழாக நடக்கிறது. ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ பொரித்த லூன் குஞ்சு பறக்கத் தயாராக 11, 12 வாரம் ஆகும். செப்டம்பரில் அது இன்னும் ஏரியில்தான் இருக்கும். இலையுதிர் காலத்தில் முதலில் கிளம்புவது அப்பா அம்மா. குஞ்சு தனியாக இன்னும் சில வாரம் அதே ஏரியில் மீன் பிடித்துத் தின்று, தண்ணீர் உறையும் முன்னால் யாரும் வழிகாட்டாமல் கடலுக்குப் போகும். பிள்ளைகள் பெற்றோரை விட்டுப் போவதில்லை, பெற்றோர்தான் பிள்ளையை விட்டுப் போகிறார்கள். அப்படியென்றால் செப்டம்பரில் ஒரு ஜோடி மட்டும், குஞ்சு இல்லாமல் மிதக்கிறது என்றால் அர்த்தம் என்ன? பெரும்பாலும் அந்த வருடம் குஞ்சு தேறவில்லை. முட்டையிலேயே போயிருக்கலாம், கழுகு எடுத்திருக்கலாம், படகு அடித்திருக்கலாம். களக் குறிப்பேட்டில் தோல்வி என்று எழுதப்படும் காட்சியை நாம் கண் கலங்க ரசித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லூன் ஜோடி சாகும்வரை சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையும் படத்தின் அடியில் ஓடுகிறது, நார்மன் எத்தல் தாம்பத்தியத்துக்கு உவமையாக. விஸ்கான்சினில் 1993 முதல் லூன்களுக்கு வளையம் போட்டுக் கவனித்துவரும் வால்டர் பைப்பரின் ஆய்வுகள் இதையும் கலைத்துவிட்டன. (பெயர்ப் பொருத்தம் தற்செயல், ட்ரவுட் மீனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) இடம் தேடி அலையும் வேறொரு லூன் வந்து சண்டை போட்டு ஜோடியில் ஒன்றைத் துரத்திவிடும். மிச்சமிருப்பது ஜெயித்த பறவையோடு அதே இடத்தில் குடித்தனம் தொடங்கும். ஆண்களுக்குள் நடக்கும் இந்தச் சண்டை சில சமயம் சாவில் முடியும். லூனின் விசுவாசம் துணையைவிட இடத்துக்குத்தான் அதிகம். அந்த இடம் போனால் எல்லாம் போச்சு.

இப்போது நிஜ ஸ்குவாம். படப்பிடிப்புக்கு ஐந்து வருடம் முன்பே, 1975இல், நியூ ஹாம்ப்ஷயரில் லூன் ப்ரிசர்வேஷன் கமிட்டி தொடங்கப்பட்டுவிட்டது. அன்று மாநிலம் முழுக்க நூறு ஜோடிகூடத் தேறாத நிலை. இன்று முந்நூறு ஜோடிக்கு மேல். ஆனால் எல்லா ஏரியிலும் ஒரே மாதிரி ஏறவில்லை. படம் எடுத்த அதே ஸ்குவாமில் 2004க்கும் 2005க்கும் இடையில் 16 ஜோடி 9 ஆகக் குறைந்தது. 2007இல் இனப்பெருக்கம் ஏறக்குறைய முழுத் தோல்வி. பழியை முழுக்கப் படகுகள்மேல் போடுவதும் நேர்மையில்லை. அங்கே பொரிக்காத முட்டைகளில் பிசிபி, டிடிடி போன்ற நச்சுகளும் அதிக அளவில் கிடைத்தன. ஆனால் ஏற்கெனவே நஞ்சோடு போராடும் பறவைக்கு, கூட்டை விட்டு இறங்கச் செய்யும் ஒவ்வொரு படகும் கூடுதல் சுமை.

இந்த மீட்சி எப்படி நடந்தது என்று படித்தபோது எனக்கு என் தொழில்தான் ஞாபகம் வந்தது. இரண்டு ப்ரோகிராம் ஒரே ஃபைலில் ஒரே நேரத்தில் எழுதப் போனால் ஃபைல் கெட்டுப்போகும். அதுக்காக ஒரு ப்ரோகிராமை நாம் தூக்கிப் போடுவதில்லை. எழுதுகிற அந்த நேரத்துக்கு, அந்த ஃபைலுக்கு மட்டும் லாக் போடுகிறோம். வேலை முடிந்ததும் எடுத்துவிடுகிறோம். இங்கேயும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். கூடு இருக்கும் சிறு மூலையைச் சுற்றி மிதவை கட்டிய கயிறும் ஒரு பலகையும். குஞ்சு பொரித்துக் கூட்டை விட்டு இறங்கியதும் கயிறு வெளியே வந்துவிடும். ஏரியின் மற்ற பகுதி முழுக்கத் திறந்தே இருக்கிறது. கரையிலிருந்து 150 அடிக்குள் படகு மெதுவாகத்தான் போக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அது நீந்துகிறவர்களின் பாதுகாப்புக்கானது, ஆனால் கூட்டுக்கும் அதுவே உதவுகிறது. அடைகாக்கும் வாரங்களில் நீர்மட்டம் அதிகம் ஏறாமல் இறங்காமல் வைத்திருக்கச் சொல்லி அணைகளை நடத்துகிறவர்களோடு பேசுகிறார்கள். மட்டம் அரை அடி ஏறினாலே கூடு மூழ்கக்கூடும். வேறு வழியில்லாத இடங்களில் மரக்கட்டையால் செய்த செயற்கை மிதவைக் கூடு. ஈயக்குண்டுக்கு 2000இலிருந்து ஏரிகளில் தடை, 2005இல் எல்லா நன்னீருக்கும், 2016 ஜூனிலிருந்து ஒரு அவுன்ஸும் அதற்குக் கீழும் உள்ள ஈயக்குண்டை விற்கவும் கூடாது. மீன்பிடிப்பு நிற்கவில்லை, குண்டின் உலோகம் மட்டும் மாறியது.

கவனித்துப் பாருங்கள், இதில் எதுவும் சினிமாவுக்கு உதவாது. கயிறு, பலகை, மதகு, உலோகம். பறவையோடு கண்ணோடு கண் பார்க்கும் தருணம் ஒன்றுகூட இல்லை. எல்லா ஏற்பாட்டின் சாரமும் ஒன்றுதான், தள்ளி இரு. படமோ நெருங்குவதைப் பற்றியது. கிழவர் பையனை நெருங்குகிறார், மகள் அப்பாவை நெருங்குகிறாள், எல்லாரும் ஏரியை நெருங்குகிறார்கள். மனிதர்களுக்குள் அது சரியான மருந்து. அதே மருந்தைப் பறவைக்கும் கொடுக்கும்போதுதான் கோளாறு.

சத்தம் போடாமல் போனால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மோட்டார்தான் கெட்டது, துடுப்பு நல்லது என்பது பொதுவான எண்ணம். மோட்டார் படகு பெரும்பாலும் ஏரியின் நடுவில் ஓடும். கயாக்கும் துடுப்புப் படகும்தான் ஆழமில்லாத, ஒதுங்கிய மூலைகளுக்குள் சத்தமில்லாமல் நுழையும். லூன் கூடு கட்டுவதும் அங்கேதான். நல்ல எண்ணத்தோடு, கேமராவோடு, அமைதியாக வருகிறவர் சில நேரம் கூட்டுக்குப் பெரிய தொல்லை.

படத்துக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். யாருக்கும் பிடிக்காத பறவைக்காக யாரும் ஜூன் மாதக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கிக் கயிறு கட்டப் போவதில்லை. தன்னார்வலர்கள் வருவதற்கு முதலில் பறவைமேல் பிரியம் வர வேண்டும். அந்தப் பிரியத்தை விதைப்பதில் இந்தப் படத்துக்குப் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஸ்குவாமில் இன்றும் படகுச் சுற்றுலாவில் படம் எடுத்த இடத்தையும் லூன்களையும் சேர்த்தேதான் காட்டுகிறார்கள். என் குறை பிரியத்தோடு படம் நின்றுவிட்டது என்பதுதான். எத்தல் மாதிரி ஐம்பது கோடை அதே கரையில் இருந்த ஒரு பெண்மணிக்குக் கூடு எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். “அந்தப் பக்கம் இந்த மாதம் போகாதே” என்று பில்லியிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நார்மன் முறைத்துக்கொண்டே படகைத் திருப்பியிருப்பார். கதை எதுவும் கெட்டிருக்காது. பையனும் ஏரியைப் பற்றி இன்னொன்று கற்றிருப்பான்.

படத்தைப் பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள். ஹெப்பர்னுக்காகவும் ஃபோண்டாவுக்காகவும் எத்தனை முறையும் பார்க்கலாம். கடைசிக் காட்சி வரும்போது மட்டும், அந்த இரண்டு பறவைக்குப் பின்னால் தண்ணீரில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று கொஞ்சம் தேடிப் பாருங்கள்.